பதினைந்து விநாடி அசையாமல்

முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. உத்தியோகம்தான் ஓய்ந்ததே தவிர புத்தி ஓயவில்லை. எதிரே யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பேன், அப்புறம் கையைப் பார்ப்பேன். டிக்கெட் இல்லாதவன் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். காரணமும் சொல்வான். ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொண்டால் பாவம், நிஜமாகவே தொலைத்திருப்பான். மூன்றாவது காரணத்துக்குப் போனால் அவன் டிக்கெட் வாங்கவே இல்லை. முப்பத்தோரு வருடத்தில் இது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"செக்கர் புத்தி" என்பாள் என் மனைவி. "பால்காரர்கிட்டகூட டிக்கெட் கேப்பீங்க."

ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இருட்டு அறைகளைப் படம் எடுப்பது. எங்கள் பெண் வேண்டாம் என்று ஒதுக்கிய சின்ன கேமரா ஒன்று இருந்தது. சோப்புக் கட்டி அளவுதான். அதை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் ஊர் ஊராகப் போவோம். மற்றவர்கள் மலையையும் ஆற்றையும் எடுக்கும்போது நான் பழைய கட்டடங்களுக்குள் நுழைந்து ஜன்னல் சாத்திய கூடங்களையும், பூட்டிக் கிடக்கும் அலுவலக அறைகளையும், மாடிப்படி அடியையும் எடுப்பேன். கேமராவுக்கு அவள் வைத்த பெயர் 'சின்ன வீடு'. "ரெண்டு பேரும் இருட்டுக்குள்ளயே போறீங்க, என்ன சமாச்சாரம்?" என்று யார் எதிரிலும் கேட்டுவிடுவாள்.

சாதாரணக் கேமராதான், ஆனால் ஏமாற்றத் தெரிந்தால் நன்றாக வேலை செய்யும். ஃபிளாஷ் போடக் கூடாது. போட்டால் அறை செத்துப்போகும். அதற்குப் பதிலாக அதன் கண்ணைப் பதினைந்து விநாடி திறந்தே வைக்க வேண்டும். அவ்வளவு நேரம் கையில் பிடித்தால் படம் கலங்கிவிடும் என்பதால், பழைய துணியில் பயறு நிரப்பி மனைவி தைத்துக் கொடுத்த சின்ன மூட்டையை ஜன்னல் விளிம்பிலோ மேசையிலோ வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வைப்பேன். பொத்தானை அழுத்துகிற அதிர்வுகூட ஆகாது என்று பத்து விநாடி தாமதம் வைப்பேன். படத்தில் தரை அதிகம் வந்தால் லென்ஸுக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்து நிமிர்த்துவேன். சாவி, தீப்பெட்டி, மரத்துண்டு, கைக்கு எது அகப்படுகிறதோ அது முட்டு. வேலை முடிந்ததும் மூட்டையையும் முட்டுக் கொடுத்ததையும் ஒரே துணிப் பைக்குள் போட்டுச் சுருக்கிவிடுவேன்.

இன்னொரு வித்தையும் உண்டு. கண் திறந்திருக்கும் அந்தப் பதினைந்து விநாடியில் கேமராவுக்கு முன்னாலேயே நான் உலாத்துவேன். நின்றால்தான் படத்தில் விழுவோம். நடந்துகொண்டே இருந்தால் விழவே மாட்டோம். இதைச் செய்து காட்டி எத்தனையோ பேரை அசத்தியிருக்கிறேன்.

அந்த விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. ஒரு காலத்தில் யாரோ பணக்காரரின் வீடாக இருந்திருக்க வேண்டும். கல் தரை, மரக் கூரை, கீழே பெரிய கூடம், மேலே ஒன்பது அறைகள். நடத்துகிறவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. எல்லோரும் முதலாளியம்மா என்றுதான் அழைத்தார்கள். சாவியைக் கொடுக்கும்போதே நாலு விதிகளைச் சொன்னார். ஈரக் காலோடு வரக் கூடாது. அறையில் சமைக்கக் கூடாது. குளியலறை விளக்கை எரிய விடக் கூடாது. கூடத்து நாற்காலிகளை நகர்த்தக் கூடாது. அந்த நாற்காலிகள் அவர் மாமனார் காலத்தவையாம். வேலைக்காரர்கள் அவற்றில் உட்காரவே கூடாதாம்.

வேலைக்காரர்கள் என்றால் ஒரே ஒருத்திதான். நாற்பது வயதிருக்கும். துடைப்பத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. கண்ணைத் தாழ்த்துகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை.

மறுநாள் மதியம் கூடத்தில் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு நடுவில் நான் ஏதோ பழைய ரயில் கதையை ஆரம்பித்தேன். மனைவி காதிலிருந்த மிஷினைக் கழற்றி அதன் சின்ன டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டாள். அவளுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது காதுக்கு அந்த மிஷின்தான் உயிர். ஆனால் என் பேச்சு நீண்டால் கழற்றிவிடுவாள். கல்யாணம் ஆகி முப்பத்து நாலு வருடத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே சுகம் இதுதான் என்று சிரிப்பாள். சாப்பிட்டதும் அவள் மாடிக்குத் தூங்கப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு நான் கூடத்துக்குத் திரும்பினேன். மழைக்காக ஜன்னல் கதவுகள் எல்லாவற்றையும் சாத்தியிருந்தார்கள். பலகைகளின் இடுக்கு வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்? கேமராவை ஜன்னல் விளிம்பில் வைத்து ஒரு படம் எடுத்தேன். தரை அதிகமாக விழுந்திருந்தது. முட்டுக் கொடுத்து நிமிர்த்தி இன்னொரு படம் எடுத்தேன். கூரை உத்தரங்கள் அருமையாக விழுந்தன. இருபது நிமிடம் அங்கே இருந்திருப்பேன். கூடத்தில் வேறு யாரும் இல்லை. இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு மனைவி எழுந்து மிஷினைத் தேடினாள். மேசைமேல் இல்லை. மேசைக்கு அடியில் இல்லை. அறையைக் கவிழ்த்துப் பார்த்தோம், பெட்டிகளை உதறினோம்.

"உங்க கேமரா பையில பாத்தீங்களா?" என்றாள்.

"என் பைக்கு அது எப்படி வரும்? கால் முளைச்சு நடந்து வருமா?" என்று கத்தினேன். அவளுக்கு அது கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்தே பதில் என்ன என்று தெரிந்துகொண்டாள். புதிதாக ஒன்று வாங்கலாம்தான். ஆனால் அது அவள் காதுக்கென்றே அளவெடுத்துச் செய்தது, வேறு வர ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை பெண் போன் பண்ணினால்கூட அவளால் பேச முடியாது. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கேமராவை எடுத்து முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ ஜாடிக்குப் பக்கத்தில் மேசைமேல் டப்பா இருந்தது. இரண்டாவது படத்தில் ஜாடி இருந்தது, டப்பா இல்லை. படத்தை மூலைக்கு நகர்த்தினேன். அலமாரியை ஒட்டிய நாற்காலியில் அந்த வேலைக்காரி உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் முழங்கால்மேல். கண் நேராகக் கேமராவைப் பார்த்தபடி. முதல் படத்திலும் அதே இடம், அதே இருப்பு, ஓர் இம்மி பிசகவில்லை. இருபது நிமிடம் என்னோடு ஒரே அறையில் ஒருத்தி மூச்சுச் சத்தம்கூடக் காட்டாமல் இருந்திருக்கிறாள். என் கண்ணுக்குத் தெரியாதது அந்தச் சோப்புக் கட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

கீழே போய் முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். படத்தைக் காட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடச் சொன்னேன். இது என் பழைய வழக்கம். கையில் இருப்பதைக் காட்டாமல் முதலில் பேச விடுவேன்.

"மூணு மணிக்கு நீ எங்க இருந்தே?" என்றார் முதலாளியம்மா.

"பின்கட்டுல துணி மடிச்சிட்டு இருந்தேம்மா."

"கூடத்துக்கு வரவே இல்லையா?"

"இல்லம்மா."

நான் கேமராவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பார்த்தாள், முதலாளியம்மாவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் எதையும் தொடல சார். நீங்கதான் மேசைகிட்ட வந்து எதையோ எடுத்துட்டுப் போனீங்க."

நான் சிரித்தேவிட்டேன். இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'நீங்கதான் சார் டிக்கெட்ட வாங்கிட்டுப் போனீங்க, திருப்பித் தரல' என்று சாதிக்கிற ஆள் வண்டிக்கு ஒருவனாவது இருப்பான்.

"கூடத்துக்கே வரலன்னு சொன்னியேம்மா? வராதவளுக்கு நான் எடுத்தது எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். கேட்காததால் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "ஏங்க, அவங்க முகத்தப் பாத்தா எடுத்த மாதிரி தெரியலயே!"

நீ சும்மா இரு என்று கையைக் காட்டினேன். முதலாளியம்மா வேலைக்காரியைச் சோதித்து, பின்கட்டைத் துழாவி, அவள் பையையும் கொட்டிப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டாள் என்று நானே முடிவுகட்டினேன். முதலாளியம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டாக, "இப்பவே கிளம்பு" என்றார். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. வாளியைக் கவிழ்த்து வைத்து, துடைப்பத்தைச் சுவரோடு சாய்த்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினோம். மூன்று மணி நேரப் பயணம். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியபடியே வந்தாள். பேச ஆளில்லாததால் நானே எனக்குள் பேசிக்கொண்டு வந்தேன். கண்டுபிடித்தவன் நான்தானே? பின் ஏன் எனக்கு உறுத்த வேண்டும்? அந்த வேலைக்காரி கெஞ்சாததுதான் உறுத்தியது. எடுத்தவர்கள் கெஞ்சுவார்கள். மூன்று காரணம் சொல்வார்கள். இவள் ஒன்றுதான் சொன்னாள். அதையும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

அந்த ஊரில் மூடிக் கிடந்த பழைய நூலகம் ஒன்று இருந்தது. காவலாளியிடம் பேசி உள்ளே போனோம். நீளமான படிப்பறை, வெறும் அலமாரிகள், கூரை ஓட்டில் ஒரே ஒரு கண்ணாடி. மனசு கொஞ்சம் லேசாயிற்று. மேசைமேல் பயறு மூட்டையை வைத்தேன், கேமராவை உட்கார வைத்தேன், முட்டுக் கொடுக்கப் பைக்குள் கையை விட்டு அகப்பட்டதை எடுத்து லென்ஸுக்கு அடியில் சொருகினேன். பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல உலாத்தினேன். அறையின் கடைசி வரை போய்த் திரும்பியபோது கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சம் நேராகக் கேமராமேல் விழுந்திருந்தது. லென்ஸுக்கு அடியில் இருந்தது மரத்துண்டு இல்லை.

வெள்ளை டப்பா. மூடியில் மனைவி ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர்.

நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலியான நூலகத்தின் நடுவில் புகை மாதிரி ஓர் ஆள் நிற்பான்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. முதல் படத்தில் தரை அதிகம். இருட்டில் கை மேசைமேல் துழாவுகிறது. சின்னதாக, கெட்டியாக ஏதோ அகப்படுகிறது. இரண்டாவது படம் நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறது. எதனால் நிமிர்ந்தது என்று யோசிக்காமலேயே அந்தப் படத்தை வைத்து ஒருத்தியின் வேலையைப் பறித்திருக்கிறேன்.

மனைவி ஓர் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, "நான்தான் எடுத்தேன்" என்றேன். அவள் திரும்பவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன் போலிருக்கிறது. டப்பாவை ஜேபியில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய், பெட்டி மூலையில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் டப்பாவைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு அவள் முன்னால் போய், டப்பாவைத் திறந்து, மிஷினை நானே அவள் காதில் பொருத்தினேன். அவள் கண்கள் விரிந்தன.

"எங்க இருந்துச்சு?"

"லென்ஸுக்கு அடியில. நான்தான் முட்டுக் கொடுத்தேன். அந்த வேலைக்காரம்மா எடுக்கவே இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பயறு மூட்டையை எடுத்துப் பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

நாங்கள் போய் நின்றபோது முதலாளியம்மாவே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். டப்பாவைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார், திருடல. கேக்க எனக்கும் நிம்மதிதான். ஆனா அவ அந்த நாற்காலில உக்காந்தது நிஜம்தானே? வேலை நேரத்துல, விருந்தாளிங்க கூடத்துல, இருட்டுல. அதையும் மறைச்சு எங்கிட்டயே பொய் சொன்னா. நீங்கதானே படம் காட்டுனீங்க? அதுக்கே அவள நிறுத்தலாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் படம் சொன்ன பொய்யைத் திருத்த வந்தவனை அது சொன்ன உண்மை மடக்கிவிட்டது. நான் காட்டாமல் இருந்திருந்தால் அவள் உட்கார்ந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. என்ன செய்வதென்று புரியாமல் என் வாழ்க்கையில் பழக்கமில்லாத ஒன்றைச் செய்தேன்.

"நான்தாங்க அவங்கள உக்காரச் சொன்னேன்" என்றேன். "படத்துக்காக. ஓர் ஆள் இருந்தா அறையோட அளவு தெரியும்."

முதலாளியம்மா துடைப்பத்தை நிறுத்தினார். "அப்ப நேத்து எதுக்கு அவ்வளவு ஆச்சரியமா படத்தக் காட்டுனீங்க?"

"அது... மறந்துட்டேன். வயசாச்சில்ல."

"அவ ஏன் அத சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு நான்தான்... அதாவது, போட்டிக்கு அனுப்பற படம்..."

மூன்றாவது காரணம். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தால் என் வலது கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கிறது. முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் நான் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஆமாங்க" என்றாள் மனைவி. "நான்கூட அப்பவே சண்டை போட்டேன், பாவம் அவங்க கால் வலியோட ஏறி இறங்குறாங்க, அவங்கள எதுக்கு உங்க சின்ன வீட்டுக்கு முன்னாடி உக்கார வைக்கறீங்கன்னு."

ஒரே காரணம். குரலில் நடுக்கமில்லை, கண் சிமிட்டவில்லை, கை இரண்டும் கைப்பையின்மேல் சாதுவாக இருந்தன. அந்த நேரத்தில் மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவள் அவள். முதலாளியம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

அரை மணியில் வேலைக்காரி வந்தாள். முதலாளியம்மா நாங்கள் சொன்னதைச் சொல்லி, "அத நேத்தே சொல்ல வேண்டியதுதானே?" என்றார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார் சொல்ல வேண்டாம்னாரு" என்றாள். முதலாளியம்மா உள்ளே போனதும் நான் அவள் எதிரில் கைகூப்பினேன்.

"மன்னிச்சிடும்மா. தப்பு முழுக்க என்னோடது."

"அந்தப் படத்தக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். கேமராவைத் தன் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு அவங்க குளிக்கப் போவாங்க. அப்ப பத்து நிமிஷம் கால நீட்டுவேன். நீங்க வந்துட்டீங்க. எழுந்தா சத்தம் கேக்குமேன்னு அப்படியே இருந்தேன். இருபது நிமிஷம் சார், மூச்சுகூட விடல." படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தித் தேடினாள். "நீங்க குறுக்கயும் நெடுக்கயும் நடந்துட்டே இருந்தீங்களே, இதுல உங்களக் காணோமே?"

நடக்கிறவர்கள் இதில் விழ மாட்டார்கள் என்று நான் எத்தனையோ ஊரில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பயந்து உக்காந்திருந்த நான் மட்டும்தான் மாட்டியிருக்கேன்" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "அழிச்சிடுங்க சார். அடுத்த தடவ இருட்டுல நிக்கும்போது, யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு படங்களையும் அழித்தேன். அவள் வாளியை நிமிர்த்தித் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மறுபடி பஸ் ஏறினோம். ஊர் எல்லையைத் தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. வேறு ஒரு சந்தேகம் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏன்டி, என் கண்ணுக்கே பிடிபடாத மாதிரி அவ்வளவு அழகா ஒரு பொய் சொன்னியே. இந்த முப்பத்து நாலு வருஷத்துல எங்கிட்ட இந்த மாதிரி எத்தனை சொல்லியிருப்ப?"

அவள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு காதிலிருந்த மிஷினைக் கழற்றி, டப்பாவில் போட்டு, டப்பாவைக் கைப்பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.